பனிச்சரிவு எதுவரை வரும்?

அக்கா இருப்பது சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், இரண்டு பக்கமும் மலை எழும்பி நிற்கும் ஒரு பள்ளத்தாக்கில். போன தை மாதம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் எடுத்து, அத்தான் வேலைக்குப் போகவில்லை, ரோட்டை மூடிவிட்டார்கள் என்றார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் நல்ல நீல வானம், வெயில். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் பிள்ளை, ஸ்நோ நேற்றே நிண்டிட்டுதுதானே, பிறகேன் ரோட்டை மூடினவை?" என்று கேட்டார். "மேலே இருந்து இனித்தான் விழுமாம் அம்மா" என்றதற்கு மேல் அக்காவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு சொந்தமாவது சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ இருக்கிறது, ஆனால் அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் அந்தப் பனியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழி, தை விடியலில் வெங்காயத் தாளில் நிற்கும் துளிகள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைப்போம். சத்தம் போட்டால் பனிச்சரிவு விழும் என்று படங்களில் காட்டுவார்கள், அது சரியில்லை, மனிதக் குரலுக்கு அந்தப் பலம் கிடையாது. மலையில் பனி இறங்குவதற்குத் தேவை மூன்று: போதுமான சரிவு, துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்ட ஒரு பனிப்பலகை, அதற்குக் கீழே ஒரு பலவீனமான அடுக்கு.

சரிவை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்து மணற்காட்டுக்குப் போனால் போதும். அங்கே மணல் மேட்டின் காற்றடிக்கும் பக்கம் சாய்வாக, ஏற இலகுவாக இருக்கும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும், ஆனால் எவ்வளவு செங்குத்து என்றாலும் ஏறக்குறைய 30 முதல் 34 பாகைக்கு மேல் உலர்ந்த மணல் நிற்காது, கூடினால் தானாக வழிந்துவிடும். பனி மணலைவிடக் கெட்டி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தச் சாய்விலும் அதற்கு மேலும் பொறுத்துக்கொண்டு நிற்கும். பிரச்சினையே அதுதான், மணல் கொஞ்சம் கொஞ்சமாக வழிவதைப் பனி சேர்த்துவைத்து ஒரே தடவையில் செய்யும். பெரிய சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 பாகைக்கு இடைப்பட்ட மலைப்பக்கங்களில்தான் தொடங்குகின்றன. அதைவிட மிகச் செங்குத்தான இடங்களில் பனி பெரிதாகத் தங்குவதில்லை, விழ விழ உதிர்ந்துபோகும்.

மணற்காட்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். பழைய அந்தோனியார் கோவிலை மணல் பாதி விழுங்கி வைத்திருக்கிறதே, அந்த மணல் வானத்தில் இருந்து விழுந்ததல்ல, காற்று ஒரு பக்கத்தில் அள்ளி மறுபக்கத்தில் போட்டது. மலை முகட்டிலும் இதே கதைதான். வானத்தில் இருந்து அரை மீட்டர் பனி விழுந்திருக்கும், ஆனால் காற்று ஒரு பக்கத்தில் இருந்து அள்ளி மறுபக்கத்தில் இரண்டு மீட்டர் குவித்திருக்கும். அம்மாவின் கேள்விக்குப் பதிலில் பாதி இங்கே இருக்கிறது: பனி விழுவது நின்றாலும் காற்று நின்றிருக்காது, கீழே நீல வானம் தெரியும்போது மேலே முகட்டில் பாரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

மீதிப் பாதி அந்தப் பலவீன அடுக்கில். தெளிந்த குளிர் இரவுகளில் பனிப்பரப்பின் மேல் ஈரப்பதம் நேரடியாகவே படிகமாகிவிடும். நம்முடைய விடியல் துளிகள் மாதிரித்தான், ஆனால் துளியாக நிற்காமல் இறகு போன்ற படிகமாக நிற்கும். அவ்வளவு அழகு, ஆனால் அதன்மேல் புதிய பனி விழுந்து மூடிவிட்டால் ஒரு வீட்டுக்கு அத்திவாரமாக இறகு போட்ட மாதிரி. இன்னொரு வகை பனிக்குள்ளேயே உண்டாவது. நிலத்தோடு ஒட்டிய பனி ஏறக்குறைய 0 பாகையில் இருக்கும், மேற்பரப்போ கடும் குளிர். ஒரு மீட்டர் தடிப்புக்குள் 10 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, நல்ல பனியைத் தின்று, ஒட்டாத கரடுமுரடான மணிகளாக மாற்றிவிடும். கையில் எடுத்தால் சீனி மாதிரி உதிரும் என்கிறார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு தட்டில் சீனியை மெல்லிசாகத் தூவி, அதன்மேல் ஆறிய தேங்காய் ரொட்டி ஒன்றை வைத்து, மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டு வாருங்கள். ரொட்டி உடையாது, கொஞ்சம் கொஞ்சமாகவும் இறங்காது, ஒரு கட்டத்தில் முழுசாக வழுக்கும். பலகைச் சரிவு என்பது இதுதான், ஆட்களைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பங்கு இந்த வகை. மலையில் இன்னொரு விஷயமும் நடக்கும், அதைச் சீனி காட்டாது. பொரித்த அப்பளத்தின் மேல் தட்டை வைத்து அழுத்தினால் ஓரிடத்தில் நொறுங்கி, அந்த வெடிப்பு மறுகரைக்குப் போகும் அல்லவா, பலவீன அடுக்கும் அப்படி நொறுங்கும். பனியில் வெடிப்பு வினாடிக்கு 100 மீட்டருக்கும் கூடிய வேகத்தில் ஓடக்கூடும் என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு பனிச்சறுக்கு வீரர் மிதித்த இடத்தில் தொடங்கிய நொறுங்கல், அவர் திரும்பிப் பார்க்கும் முன் மலைப்பக்கம் முழுவதையும் அறுத்துவிட்டிருக்கும்.

சரி, இதை எப்படி முன்கூட்டிப் பார்ப்பது? மண்வெட்டியால். பனியில் குழி தோண்டி, 30 சதமமீட்டருக்கு 30 சதமமீட்டர் அளவில் ஒரு தூண் வெட்டி, அதன் தலையில் மண்வெட்டியை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையில் இருந்து 10, தோளில் இருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த அடுக்கில் தூண் அறுகிறது என்பதைக் குறித்துக்கொள்வார்கள். எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்திருக்கிறது, விலையுயர்ந்த கருவி ஒன்றும் இல்லாமல் மலையிடமே நேரே கேட்பது போன்றது. இந்தக் குறிப்புகள், தானியங்கி வானிலை நிலையங்களின் அளவுகள், காற்று, வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்து டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. 1 முதல் 5 வரை ஐந்து நிலைகள். அக்காவின் ரோட்டை மூடியவர்கள் இப்படிப்பட்ட தகவலை வைத்துக்கொண்டுதான் மூடியிருப்பார்கள்.

ஆனால் கவனியுங்கள், அந்த எச்சரிக்கை 'இந்த வட்டாரத்தில் இன்று ஆபத்து அதிகம்' என்று மட்டும்தான் சொல்லும். இந்த மலை, இந்த மணி, இந்த நிமிடம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் பலவீன அடுக்கு ஓரிடத்தில் இருப்பது போல் பத்து மீட்டர் தள்ளி இருப்பதில்லை. ரோட்டை மூடலாம், திறக்கலாம். வீட்டை? வீட்டைக் காலையில் தூக்கி மாலையில் வைக்க முடியாதே. அதனால் வீடு கட்டும் விஷயத்தில் கேள்வியே மாறுகிறது: எப்போது விழும் என்பதை விட்டுவிட்டு, விழுந்தால் எதுவரை வரும் என்று கேட்கிறார்கள். இதைக் கணக்காக்கலாம். எனக்கு இந்தத் துறையிலேயே பெரிய விஷயமாகத் தெரிவது இந்தக் கேள்வி மாற்றம்தான்.

1950-51 குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் பனிச்சரிவுகள் 265 உயிர்களைக் கொண்டுபோயின, அதில் 98 பேர் சுவிட்சர்லாந்தில். அதற்குப் பின் 1955இல் அடோல்ஃப் ஃபோல்மி என்ற சுவிஸ் பொறியியலாளர் ஒரு கணக்கு முறையை வெளியிட்டார். இடிந்த கட்டடங்களைப் பார்த்து, எவ்வளவு விசை இருந்திருந்தால் இப்படி இடிந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணித்தவர் அவர். இன்றைக்கும் கணினி மாதிரிகள் பலவற்றின் அடியில் இருப்பது அவருடைய யோசனைதான், அது அவ்வளவு சிக்கலானதும் இல்லை. ஓடும் பனியைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, நிலத்தோடு உரசும் உராய்வு. சீமெந்துத் தரையில் அரிசி மூட்டையை இழுப்பது மாதிரி, மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் தடை ஏறக்குறைய ஒன்றுதான். மற்றது வேகத்தோடு வளரும் தடை. பண்ணைப் பாலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் ஓடியவர்களுக்கு அது தெரியும், வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும்.

முதல் தடையை ஓர் எண்ணாகச் சொல்வார்கள், 0.2 என்று வைப்போம். அதன் பொருள்: 100 மீட்டர் முன்னே போக 20 மீட்டர் இறங்கும் சரிவு, அதாவது ஏறக்குறைய 11 பாகை, அதைவிடச் செங்குத்தாக இருக்கும்வரை பனி நிற்கப்போவதில்லை. அதைவிடத் தட்டையான இடத்துக்கு வந்தபிறகுதான் வேகம் இறங்கத் தொடங்கி நிற்கும். இரண்டாவது தடைக்கும் ஓர் எண் இருக்கிறது, 2000 என்று எடுக்கலாம், அது பெரிதாக இருந்தால் தடை குறைவு.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான் தாளில் போட்டது, உண்மை மலை இதைவிடச் சிக்கல், ஆனாலும் கற்றுக்கொள்ள இது போதும். 35 பாகைச் சரிவு, ஓடும் பனியின் தடிப்பு 1.5 மீட்டர். இரண்டு தடைகளும் ஈர்ப்பைச் சமன் செய்யும் வேகம் வினாடிக்கு 35 மீட்டர் வருகிறது, மணிக்கு ஏறக்குறைய 126 கிலோமீட்டர். இந்த வேகத்தோடு அது தட்டை நிலத்துக்கு வந்தால் ஏறக்குறைய 170 மீட்டர் ஓடி நிற்கும். உராய்வு எண்ணை 0.2இல் இருந்து 0.15 ஆக்கிப் பாருங்கள், வேகம் அவ்வளவு மாறாது, ஆனால் ஓடும் தூரம் 212 மீட்டர் ஆகிவிடும். 42 மீட்டர் கூடியிருக்கிறது. நம் ஊர் ஒழுங்கை ஒன்றில் அது இரண்டு மூன்று வளவு. தாளில் ஓர் எண்ணின் இரண்டாம் தசமத்தில் செய்த மாற்றம் அத்தனை வீடுகளை உள்ளே கொண்டுவருகிறது. பனியின் தடிப்பை 3 மீட்டர் ஆக்கினால் தூரம் அப்படியே இரண்டு மடங்கு, ஏறக்குறைய 340 மீட்டர்.

அதனால் அந்த எண்களைக் கதிரையில் இருந்து ஊகித்துவிட முடியாது. வாலே மாநிலத்திலேயே, சியோன் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் ஒரு மலைப்பக்கத்தையே ஆய்வுகூடமாக்கி வைத்திருக்கிறார்கள். சரிவு ஓடும் பாதையின் நடுவில் 20 மீட்டர் உயரமான எஃகுத் தூண், அதில் அழுத்தம், வேகம் அளக்கும் உணரிகள். வெடிவைத்துப் பனியை இறக்கி, எதிர்ப்பக்கப் பதுங்கு அறையில் இருந்து ராடாரால் அளப்பார்கள். அந்த அளவுகளும், பழைய சரிவுகள் எங்கே நின்றன என்ற பதிவுகளும் சேர்ந்துதான் எண்களைத் திருத்துகின்றன. டாவோஸ் நிறுவனம் உருவாக்கிய ராம்ஸ் என்ற மென்பொருள் மலையின் முப்பரிமாண வரைபடத்தின் மேல் ஃபோல்மியின் கணக்கை ஓட்டி, எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பு, எவ்வளவு வேகம், எவ்வளவு அழுத்தம் என்று நிறம் நிறமாகக் காட்டும்.

நோர்வேக்காரர் வேறு வழியில் போனார்கள். இயற்பியலை ஒதுக்கிவைத்துவிட்டு, ஏறக்குறைய 200 பழைய சரிவுகளை எடுத்து, 1980களின் தொடக்கத்தில் ஒரு விதியை வெளியிட்டார்கள். மலை தட்டையாகிக்கொண்டு வந்து 10 பாகையைத் தொடும் புள்ளியைக் கண்டுபிடி. அங்கிருந்து சரிவு தொடங்கும் இடத்தை அண்ணாந்து பார்க்கும் கோணத்தை அள. அதை 0.96ஆல் பெருக்கி 1.4 கழி. வருகிற கோணத்தில் தொடங்கும் இடம் எங்கிருந்து தெரியுமோ, அங்கே வரை சரிவு வரலாம். கோணம் 30 பாகை என்றால் விடை 27.4. இவ்வளவுதான் விதி! ஃபோல்மியின் உராய்வுக்கு நாம் எடுத்த எண் 11 பாகையைச் சொல்ல, நோர்வேக்காரர் தங்கள் விதிக்கு எடுத்த புள்ளி 10 பாகை. இரண்டு வேறு வழியில் போனவர்கள் ஒரே சந்தியில் சந்தித்த இந்த இடத்தில் எனக்கு இந்தக் கணக்குகள் மேல் நம்பிக்கை வந்தது.

அடுத்தது அழுத்தம். அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒரு மதிப்பீடு கிடைக்கும். கன மீட்டருக்கு 300 கிலோ உள்ள பனி 35 மீட்டர் வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 370 கிலோபாஸ்கல், அதாவது சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 37 தொன் எடையை வைத்த மாதிரி. ஒரு கிலோபாஸ்கலுக்கே ஜன்னல் கண்ணாடி உடையும், 30 வந்தால் மரச்சட்ட வீடு போய்விடும், 100 வந்தால் வளர்ந்த மரம் வேரோடு பிடுங்கப்படும்.

சுவிஸ் வரைபடங்களின் நிறங்கள் இதிலிருந்துதான் வருகின்றன. 300 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய சரிவு 30 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தும் இடமும், 30 ஆண்டுக்குள் ஒருமுறையாவது சரிவு எட்டக்கூடிய இடமும் சிவப்பு. அங்கே புது வீடு கட்ட முடியாது. அதைவிட மெல்லிய ஆபத்துள்ள இடம் நீலம், பலமாகக் கட்டினால் அனுமதி உண்டு. '300 ஆண்டுக்கு ஒருமுறை' என்பதைப் பலர் தப்பாக விளங்குகிறார்கள், போன வருடம் வந்துவிட்டது, இனி 299 வருடம் பயமில்லை என்று. அப்படியில்லை, ஒவ்வொரு வருடமும் முந்நூறில் ஒரு வாய்ப்பு. ஒரு வீட்டில் 50 வருடம் இருந்தால் அந்தச் சரிவைக் காணும் வாய்ப்பு 15 சதவீதம். 30 ஆண்டுச் சரிவு என்றால் அது 80 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

வரைபடத்தில் போட்ட கோடு பிழையாகிப்போன இடங்களும் உண்டு, அவற்றை மறைத்து எழுதினால் அது விளக்கம் ஆகாது. ஐஸ்லாந்தில் ஃப்ளாட்டேரி என்ற சிறிய மீனவர் ஊர், 1995 ஒக்டோபர் 26 விடியற்காலை. சரிவு ஊருக்குள் புகுந்து 20 பேரைக் கொன்றது. அழிந்த வீடுகளில் பல அப்போதைய வரைபடத்தில் ஆபத்து வலயத்துக்கு வெளியே இருந்தவை. ஒஸ்திரியாவின் கால்டூர் கிராமத்திலும் 1999 பெப்ரவரி 23 அன்று இதே கதை, பாதுகாப்பு என்று நம்பிய நடுக்கிராமம் வரை பனித்தூள் மேகம் வந்தது, 31 பேர் போனார்கள். அடுத்தடுத்து வந்த புயல்கள் சேர்த்துவைத்த பனியின் அளவு யாரும் கணக்கில் எடுத்ததைவிடப் பெரிது. தடிப்பு இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்கு என்று மேலே பார்த்தோமே, அதுதான்.

கோட்டை நகர்த்த முடியாத ஊர்களில் பனியை நகர்த்த வேண்டும். தொடங்கும் இடத்தில் எஃகு வேலி வரிசைகளை நட்டுப் பனியை அங்கேயே பிடித்துவைப்பது ஒரு வழி, காடு இருந்தால் அது இன்னும் நல்லது. ரோட்டுக்கு மேல் கூரை போட்டுப் பனியைத் தாண்டிப் போகவிடுவார்கள். பழைய வழியும் ஒன்று உண்டு: டாவோஸுக்குப் பக்கத்தில் ஃப்ரௌன்கிர்ஹ் தேவாலயத்தின் மலைப்பக்கச் சுவரை வள்ளத்தின் அணியம் மாதிரிக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். அலையைப் பிளக்கிற அதே வடிவம் பனியையும் பிளக்கும். ஃப்ளாட்டேரியில் அதை ஊர் அளவுக்குப் பெரிதாகச் செய்தார்கள். ஊருக்குப் பின்னால் மண்ணால் இரண்டு பெரிய அணைகள், மேலே ஒன்றாகச் சேர்ந்து கூராக. 2020 ஜனவரியில் இரண்டு சரிவுகள் வந்தன. பெரும்பகுதி அணையில் பட்டு விலகிப்போய்க் கடலில் விழுந்தது, துறைமுகத்தில் நின்ற படகுகள் நாசமாயின. ஒரு பகுதி அணைக்கு மேலால் வந்து ஒரு வீட்டில் விழுந்தது, புதைந்த சிறுமியை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். யாரும் சாகவில்லை. அணை இருந்தும் மேலால் வந்தது ஏன் என்பதுதான் அதற்குப் பிறகு ஆய்வாளர்கள் மண்டையை உடைக்கும் கேள்வி.

தோண்டி எடுப்பதைச் சொன்னதால் இதையும் சொல்லவேண்டும். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், அரை மணித்தியாலம் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே பெரிது. நின்ற பனி சீமெந்து மாதிரி இறுகிவிடும், கையை அசைக்க முடியாது. உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட இருப்பவர்தான் எடுக்கவேண்டும். பனிமலைக்குச் சறுக்கப் போகும் உங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளிடம் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கோல், மண்வெட்டி மூன்றும் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

இதையெல்லாம் வாசிக்கும்போது என் மனம் திரும்பத் திரும்பப் போனது மலையகத்துக்கு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் இறங்கி லயங்களை மூடியது, அங்கே இருந்தவர்கள் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். மண்சரிவுக்கும் தொடங்கும் இடம், ஓடும் பாதை, நிற்கும் இடம் மூன்றும் உண்டு. ஃபோல்மியின் அதே இரண்டு தடைகளை வேறு எண்களோடு போட்டு, சேறும் கல்லும் கலந்து ஓடும் சரிவுகளையும் ராம்ஸ் கணக்கிடும். நம் நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. கோடு இருந்தது, ஆனால் கோட்டுக்கு வெளியே அந்தக் குடும்பங்களுக்கு வீடு இருக்கவில்லை.

போன கிழமை அக்கா தன் மாநிலத்தின் வரைபடத்தைத் திறந்து வீட்டைத் தேடிப் பார்த்தார். வீட்டில் நிறம் எதுவும் இல்லை, அத்தான் பஸ் ஏறும் இடத்தில் நீலம். இப்போது அம்மா தொலைபேசியில் முதலில் கேட்பதே, "இண்டைக்கு எத்தனையாம் பிள்ளை, மூன்றோ நாலோ?" என்றுதான்.